பரணில் கிடக்கும் பழைய கேம் கன்சோலை வீட்டு மீடியா சர்வர் ஆக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் செல்போன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும் வெளிநாட்டு வேலைக்குப் போய்வரும் சபுராளி வீட்டுப் பரணில், டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ கிடக்கிறது. துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆசையாய்ச் சுமந்து வந்தது. விளையாடிய பையன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். அதே அலமாரியில் கல்யாண டிவிடிகள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்காத வீடு இல்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மீடியா சர்வர்னா என்னண்ணே? பென் டிரைவ டிவியில சொருகுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பென் டிரைவ் சொருகிய டிவியில் மட்டும்தான் படம் தெரியும். மீடியா சர்வர் என்பது வீட்டில் ஓர் இடத்தில் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் ரவுட்டர் வழியாக எடுத்துக் கொடுக்கும் பெட்டி. கூடத்து டிவியில் அம்மா ஒன்று பார்க்கலாம், மாடியில் தம்பி செல்போனில் இன்னொன்று பார்க்கலாம்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. கோப்பை வைத்திருந்து கொடுப்பவர் சர்வர், வாங்கித் திரையில் காட்டுபவர் பிளேயர். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பம் வராது.

எங்க வீட்ல நெட் கனெக்‌ஷனே கிடையாது. இது ஓடுமா?

ஓடும். ரவுட்டர் வேண்டும், இணையம் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் தரவு வெளியே போவதே இல்லை. டவர் கிடைக்காத கரையோரத்து வீடுகளுக்கு இது பெரிய வசதி. முதல் தடவை மென்பொருள் இறக்க மட்டும் எங்காவது நெட் வேண்டியிருக்கும்.

எந்த கேம் பாக்ஸா இருந்தாலும் சர்வர் ஆக்கிடலாமா?

முடியாது. இங்கேதான் பலர் யூடியூப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2-இல் நினைவகம் 32 எம்பி, யுஎஸ்பி பழைய 1.1 வகை. நிண்டெண்டோவின் வீ பெட்டியில் 88 எம்பி. இவற்றை சர்வர் வேலைக்கு நினைக்கவே வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் நல்ல பிளேயர்கள், சர்வர் அல்ல. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் இந்தத் துறையில் தனி மரியாதை உண்டு. அதற்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி என்ற மென்பொருள்தான் 2014-இல் பெயர் மாறி, இன்று உலகம் முழுக்க ஓடும் 'கோடி' செயலி ஆனது. ஆனால் அந்தப் பெட்டி நம் ஊரில் கண்ணில் படுவதே அபூர்வம்.

பிஎஸ்3-இல் பருமனான முதல் மாடல்களுக்கு 'அதர் ஓஎஸ்' என்ற வசதியைத் தயாரித்தவர்களே கொடுத்திருந்தார்கள். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3-களை இணைத்து 2010-இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அதே 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. 2009-இல் வந்த ஸ்லிம் மாடலில் அது தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆகவே உங்களுடையது பருமனான மாடலாக இருந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 3.15 அல்லது அதற்குக் கீழே காட்டினால் அதிர்ஷ்டம்தான். அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டால் தொடாதீர்கள். லினக்ஸில், கோப்புகளை வீட்டின் மற்றப் பெட்டிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் சாம்பா, மினிடிஎல்என்ஏ என்ற சின்ன மென்பொருள்கள் இரண்டும் போட்டால் போதும். நினைவகம் 256 எம்பிதான், பிராசசரும் வேறு குடும்பம் என்பதால் ஜெல்லிஃபின் மாதிரி பெரிய மீடியா சர்வர் மென்பொருள் அதில் ஏறாது.

பிஎஸ்4-இன் உள்ளே இருப்பது சாதாரண கம்ப்யூட்டர் வகைப் பிராசசர், எட்டு கோர், 8 ஜிபி நினைவகம். 5.05, 9.00, 11.00 போன்ற குறிப்பிட்ட பழைய சிஸ்டம் பதிப்புகளில் நின்றுபோன பெட்டிகளில் ஆர்வலர்கள் பூட்டை உடைத்து லினக்ஸ் ஓட்டுகிறார்கள். ஜெல்லிஃபினும் ஓடும். வேகம் என்று பார்த்தால் இதுதான் சிறந்த சர்வர். ஆனால் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு, கரண்ட் போகும் கேள்வியில் வருகிறது.

அப்ப சாஃப்ட்வேர்ல கை வைக்காம இத வச்சு ஒண்ணுமே பண்ண முடியாதா?

நிறைய முடியும். என்னிடம் வருகிற பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு நான் சொல்வது இந்த வழிதான். கன்சோலைப் பிளேயராக டிவியோடு வையுங்கள். சர்வர் வேலையை ஒரு பழைய லேப்டாப்புக்கோ, யுஎஸ்பி துளை உள்ள ரவுட்டருக்கோ கொடுங்கள். பிஎஸ்3, 2007-இல் வந்த அப்டேட்டிலிருந்தே, வீட்டுப் பெட்டிகள் படம், பாட்டு பகிர்ந்துகொள்ளும் டிஎல்என்ஏ முறையில் சர்வரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும். பிஎஸ்4-க்கு 2015-இல் மீடியா பிளேயர் என்று தனி ஆப் வந்தது, அது எம்கேவி வகை வீடியோ கோப்புகளையும் ஓட்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்-இல் கோடி, விஎல்சி என்ற பிளேயர் செயலிகள் இரண்டும் உண்டு. ஸ்மார்ட் இல்லாத பழைய டிவி இருக்கிற வீட்டில் இது ஒன்றே பெரிய லாபம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இதை முதலிலேயே கேட்பவர்கள் புத்திசாலிகள். முதல் தலைமுறை பிஎஸ்3 சும்மா நிற்கும்போதே 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடவிட்டால் 60 நாளில் 216 யூனிட். முதல் பிஎஸ்4-ஐ 80 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 115 யூனிட். வீட்டு இணைப்புக்கு 2016-இல் இலவசமாக்கிய 100 யூனிட்டை இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிடும். அதற்கு மேல் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் மேல்தட்டு விலைக்குப் போகும். பில்லைப் பார்த்து அதிர்ந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு 4 மணி நேரம் மட்டும் ஓட்டினால் அதே பிஎஸ்4-க்கு 19 யூனிட்தான். அதனால் கன்சோலை சர்வராக வைத்தால் சாயங்காலம் போட்டு, படுக்கும்போது அணைக்கிற பழக்கம் வேண்டும். இரவும் பகலும் ஓட வேண்டும் என்றால் 5 வாட்டில் நிற்கும் ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னப் பலகை இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டோடு முடித்துவிடும்.

மச்சான் துபாய்லேர்ந்து கொண்டுவந்தது. பிளக்கு நம்ம பாயிண்ட்ல போக மாட்டேங்குது.

அங்கே தட்டையான மூன்று முனை பிளக். பெட்டியை ஒன்றும் செய்ய வேண்டாம், ஒயரை மட்டும் மாற்றுங்கள். பருமனான பிஎஸ்3-க்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பவர் ஒயர், ஸ்லிம்முக்கும் முதல் பிஎஸ்4-க்கும் எட்டு வடிவ ரேடியோ ஒயர் பொருந்தும். பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் 220-240 வோல்ட் என்றோ 100-240 என்றோ இருக்கிறதா பாருங்கள். ஜப்பான், அமெரிக்காவிலிருந்து வந்ததில் வெறும் 100, 120 என்று எழுதியிருந்தால் நேராகச் சொருகக் கூடாது. மூன்று முனை ஒயருக்கு எர்த் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். கரையோர வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டுங்கள்.

படத்தையெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்குலயே போட்டுடலாமா?

கூடாது. பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டுமே உள் டிஸ்க்கை அந்தந்தப் பெட்டிக்கே உரிய சாவியால் பூட்டி எழுதுகின்றன. போர்டு செத்துப்போனால் டிஸ்க் நன்றாகவே இருந்தாலும், கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் எதுவும் தெரியாது.

எனக்கே நடந்தது இது. தங்கச்சி கல்யாண வீடியோவின் நல்ல பிரதியை என் பழைய கன்சோலுக்குள் ஏற்றிவிட்டு, டிவிடிகளை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டேன். ஒரு மழைக்காலத்தில் பெட்டி உயிர் விட்டது. திறந்து பார்த்தால் போர்டில் உப்புப் பூத்துப் பச்சைக் களிம்பு. டிவிடி போன வீட்டில் மூன்றில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. நிக்காஹ் முடிந்து வாப்பா கண் துடைக்கிற காட்சி அந்த மூன்றாவது டிவிடியில் இருந்தது. அதன்பிறகு யார் வீட்டுக்கு சர்வர் போட்டுக் கொடுத்தாலும் கோப்புகள் வெளி யுஎஸ்பி டிஸ்க்கில் ஒன்று, அதன் நகல் இன்னொரு டிஸ்க்கில் அலமாரிக்குள் ஒன்று, முடிந்தால் வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஒன்று என்று கட்டாயம் சொல்கிறேன். கன்சோல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதற்குத் தயாராக இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைலு டிஸ்க்ல ஏறவே மாட்டேங்குதே?

டிஸ்க் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட் முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பிஎஸ்3 நேராக யுஎஸ்பியில் அந்த முறையை மட்டும்தான் படிக்கும், பிஎஸ்4 எக்ஸ்ஃபேட்டும் படிக்கும், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்டிஎஃப்எஸ்ஸும் படிக்கும். ஆனால் சர்வர் வழியாகப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்பது சர்வருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கல்யாண டிவிடி மூணு இருக்கு, ஒண்ணு திக்குது. எப்படி ஏத்துறது?

இன்றைக்கே ஏற்றுங்கள். கல்யாண வீட்டு டிவிடி கடையில் விற்கும் அச்சடித்த டிவிடி போன்றதல்ல. சாயப் பூச்சில் லேசர் எழுதியது. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும், நம் கரையில் இரண்டும் வருடம் முழுக்க உண்டு.

மென்மையான துணியில் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். முதலில் டிவிடியில் இருப்பதை அப்படியே, விஓபி என்ற வீடியோ கோப்புகளோடு, டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பெரும்பாலும் 4.7 ஜிபிக்கு மேல் வராது. ஒரு டிபி டிஸ்க்கில் இருநூறு டிவிடி கொள்ளும், அதனால் இடத்தைப் பார்த்துத் தரத்தைக் குறைக்க வேண்டாம். திக்குகிற டிவிடியை வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எல்லா நகலும் பத்திரமான பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 எம்பி4 ஆக மாற்றினால் பழைய பிஎஸ்3 முதல் புதிய செல்போன் வரை எல்லாம் ஓட்டும். டிஇன்டர்லேஸ் என்பதைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

எங்க அத்தா பேசிப் பதிஞ்ச கேசட்டும், இலங்கை வானொலியில பதிஞ்ச பாட்டும் இருக்கு. அதுவும் ஏறுமா?

ஏறும். நல்ல நிலையில் உள்ள டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான். பேச்சு இருக்கும் கேசட்டை முதலில் எடுங்கள். பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும், அத்தா குரல் கிடைக்காது. நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் ஓட்டிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கடலுக்குப் பக்கத்து வீடு. உப்புக் காத்துல இது எத்தன நாளைக்கித் தாங்கும்?

நம் நிலம் இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கு ஜன்னலிலிருந்தும் வாடை அடிக்கும்போது வடக்கு ஜன்னலிலிருந்தும் உப்பு வரும். மண்டபம், பாம்பன் மாதிரி ஒடுங்கிய இடத்தில் காற்று மாறியதும் உப்பு வரும் பக்கம்தான் மாறுமே தவிர, வராத பக்கம் கிடையாது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். போர்டில் படிந்த அந்த ஈரப் படலம் மின்சாரம் கடத்தும், செம்புக் கோடுகளை அரிக்கும். ஓடும் பெட்டிக்குள் ஃபேன் உப்பை இழுத்துச் சேர்க்கிறது. ஓடாத பெட்டியில் சூடு இல்லாததால் அந்த ஈரம் காயாமலே நிற்கிறது.

அதனால் பல வருடம் பரணில் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் சொருகாதீர்கள். ஒயரை எடுத்துவிட்டுத் திறந்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் போர்டைத் துடைத்து, சில மணி நேரம் காயவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இதற்கு உதவாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும், அதையும் புதிதாக வையுங்கள்.

பெட்டியின் இடம் வீட்டின் உள்சுவர், ஜன்னல் பக்கம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி. ஓடும்போது துணி போர்த்தக் கூடாது, அணைத்து ஆறிய பிறகு போர்த்தலாம். நகல் டிஸ்க்கையும் டிவிடிகளையும் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, கச்சான் ஓய்ந்ததும் ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன்னால் ஒருமுறை, சுத்தம் செய்தால் போதும். அந்த 61 நாளும் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், டிவி காலையிலிருந்து ஓடும், வெயிலும் உச்சத்தில் இருக்கும். பெட்டிக்கு அதைவிடக் கடினமான காலம் இல்லை.

கரண்ட் போயிட்டு வந்தா தானா மறுபடி ஓடுமா?

ஓடாது. கம்ப்யூட்டரில், கரண்ட் வந்ததும் தானே எழும்படி அமைக்கலாம். கன்சோலில் யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். பிஎஸ்4-இல் இன்னும் சிரமம். லினக்ஸ் ஏற்றும் வேலையை ஒவ்வொரு முறை அணைந்த பிறகும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது அதை வீட்டில் யார் செய்வார்கள் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். மழைக்காலத்தில் ஒரே சாயங்காலம் நான்கு முறை கரண்ட் போகும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கும் கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் சர்வரையும் அந்த லைனில் கொடுங்கள். சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் நல்லது.

மாடி ரூம்ல படம் சுத்திக்கிட்டே நிக்குது.

குற்றம் பெரும்பாலும் வைஃபை. பிஎஸ்3-இன் வைஃபை பழைய 'ஜி' வகை, முதல் பிஎஸ்4-இலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். கீழக்கரைப் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவரில் அது பாதி செத்துவிடும். இரண்டு பெட்டியிலும் நெட்வொர்க் ஒயர் சொருகும் ஜிகாபிட் லேன் துளை இருக்கிறது. சர்வரிலிருந்து ரவுட்டருக்கு மட்டுமாவது ஒயர் இழுங்கள். நல்ல எச்டி படத்துக்கு வினாடிக்கு 10 மெகாபிட் போதும், ஒயரில் அது ஒரு பாரமே இல்லை.

டிவி "இந்த ஃபைலை ஓட்ட முடியாது"ன்னு சொல்லுது. டிரான்ஸ்கோடிங் போடவா?

டிரான்ஸ்கோடிங் என்பது மீனை வெட்டிக் கழுவிக் கொடுப்பது மாதிரி. டிவிக்குப் புரியாத கோப்பை சர்வர் ஓடுகிற ஓட்டத்திலேயே மாற்றிக் கொடுக்கும். முழு மீனாகவே கொடுத்தால் சர்வருக்கு வேலை இல்லை. பிஎஸ்3 சர்வரால் வெட்டவே முடியாது. பிஎஸ்4 முக்கி முக்கி வெட்டும், சூடும் கரண்டும் ஏறும். அதற்குப் பதில் டிவிடி கேள்வியில் சொன்னபடி ஒருமுறை எம்பி4 ஆக மாற்றி வைத்துவிடுங்கள்.

பெட்டியோட பூட்ட உடைச்சு லினக்ஸ் போடுறது சட்டப்படி தப்பா காக்கா?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு 2 வருடம் வரை சிறை என்கிறது. நோக்கம்தான் முக்கியம். திருட்டு கேம், திருட்டுப் படம் ஓட்ட நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டு வீடியோவை உங்கள் டிஸ்க்கில் வைத்துப் பார்ப்பது வேறு விஷயம். ஆனால் பூட்டை உடைத்த பெட்டியில் ஆன்லைன் கணக்கை இணைத்தால் கணக்கு முடக்கப்படலாம். 'அதர் ஓஎஸ்' உள்ள பழைய பிஎஸ்3-க்கு இந்தச் சிக்கலே இல்லை, அது அவர்களே திறந்து வைத்த கதவு.

இவ்வளவு சொல்றதப் பாத்தா பழைய லேப்டாப்பே போதும் போலயே?

லேப்டாப் இருந்தால் ஆமாம். கரண்ட் குறைவு, எந்த மென்பொருளும் ஏறும். உப்பிய பேட்டரியை மட்டும் கழற்றிவிடுங்கள். கன்சோலைப் பிளேயராக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் வேலை கிடைக்கும். லேப்டாப் இல்லாத வீட்டில், 3.15-இல் நிற்கும் பிஎஸ்3-ஓ பழைய பதிப்பில் நிற்கும் பிஎஸ்4-ஓ கையில் இருக்கும்போது புதிதாக எதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனது வராது. சாயங்காலம் மட்டும் ஓட்டுங்கள், நகல் இரண்டு வையுங்கள், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் செட் பண்ணிட்டேன். உம்மாவுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

கோப்புறைகளைக் குறையுங்கள். முதல் திரையில் ஐந்துக்கு மேல் வேண்டாம். பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டால் வரிசை மாறாது. தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண்ணோடு ஒரு போட்டோவை முகப்பாக வையுங்கள். கேம் கன்ட்ரோலர் கொடுத்தால் பயப்படுவார்கள். பிஎஸ்3 ஸ்லிம், பிஎஸ்4 இரண்டிலும் எச்டிஎம்ஐ இணைப்புக்கான அமைப்பைப் போட்டுவிட்டால் பல டிவிகளின் சொந்த ரிமோட்டே மேலே, கீழே, ஓகே வேலை செய்யும். அந்த மூன்று பொத்தானிலும் நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் கோப்புறை வாப்பா போட்டோ. அதற்குள் மிச்சமான இரண்டு டிவிடியும், 1990-களின் ஒரு கேசட்டும் இருக்கின்றன. உம்மா மஃரிப் தொழுகைக்குப் பிறகு தானே போட்டுக்கொள்கிறார்கள்.